வெறுங்காலோடு கிளாஸ்கோவில் கலக்கிய கொல்கத்தாக்காரர்: யார் இந்த முகமது சலீம்? ரெண்டே மேட்ச்சில் ஏன் திரும்பி வந்தார்?

வெயில் காலம் வந்துட்டா போதும், செஞ்சிப் பக்கம் பல ஏரிகள் விளையாட்டு மைதானமா மாறிடும். பனமலையும் அப்படித்தான். மேலே குன்றின் மீது ராஜசிம்ம பல்லவன் கட்டிய தாளகிரீஸ்வரர் கோயில். கீழே ஏரி. தண்ணி வத்தின ஓரத்துல ரெண்டு ஜோடி செருப்பைக் கழட்டி வச்சு, அதுதான் கோல் போஸ்ட்டுன்னு பசங்க ஃபுட்பால் ஆடுவாங்க. உடம்புல மான்செஸ்டர் யுனைடெட் ஜெர்சி, லிவர்பூல் ஜெர்சி. காலில் மட்டும் ஒண்ணும் இருக்காது.

ஆட்டம் முடிஞ்சு கரையில் உட்கார்ந்து போனில் இங்கிலீஷ் பிரீமியர் லீக் ஹைலைட்ஸ் பார்க்கும்போது ஒரு கேள்வி கட்டாயம் வரும். எகிப்துக்காரர் ஆடுறார், கொரியாக்காரர் ஆடுறார், பிரேசில்காரர் ஆடுறார். நம்ம ஆளு யாராவது அங்க போய் ஆடியிருக்காங்களா?

இந்தக் கேள்விக்குப் பதில் தேடினால் 1936-ஆம் ஆண்டில் போய் நிற்க வேண்டியிருக்கு. அந்த வருஷம் கொல்கத்தாவிலிருந்து ஒருவர் பிரிட்டனுக்குப் போனார். அந்த நாட்டின் புகழ்பெற்ற கிளப் ஒன்றின் சட்டையைப் போட்டார். பூட்ஸ் மட்டும் போட மாட்டேன் என்றார். காலில் பேண்டேஜ் சுற்றிக்கொண்டு இறங்கி, பார்த்தவர்களை எல்லாம் வாயைப் பிளக்க வைத்தார்.

அவர் பெயர் முகமது சலீம். சோஷியல் மீடியாவில் அவ்வப்போது வைரலாகும் பெயர்தான். ஆனால் அவரைப் பற்றிச் சுற்றும் பதிவுகளில் பாதி உண்மை, பாதி மிகை. உண்மையில் நடந்தது என்ன? விரிவாகப் பார்ப்போம்.

யார் இந்த முகமது சலீம்?

சலீம் பிறந்தது 1904-இல், கொல்கத்தாவின் மேட்டியாப்ரூஸ் பகுதியில். ஹூக்ளி ஆற்றங்கரையில் இருக்கும் இந்தப் பகுதிக்கு ஒரு தனி வரலாறு உண்டு. ஆங்கிலேயர் அவத் ராஜ்ஜியத்தைப் பறித்துக்கொண்ட பிறகு, அதன் கடைசி நவாப் வாஜித் அலி ஷா 1856-இல் வந்து தங்கிய இடம் இதுதான். ஆட்சி போன நவாபின் அரண்மனைகளும், அவரோடு வந்த மக்களின் குடியிருப்புகளும், பக்கத்தில் கப்பல்துறையும் கலந்து வளர்ந்த பகுதி.

சலீம் வசதியான வீட்டுப் பிள்ளை இல்லை. அந்தக் காலத்துக் கொல்கத்தா பையன்கள் எல்லோரையும் போல அவரையும் ஃபுட்பால் பிடித்துக்கொண்டது. அதற்கு ஒரு காரணமும் இருந்தது.

1911-ஆம் ஆண்டு, ஜூலை 29. சலீமுக்கு ஏழு வயசு இருக்கும். ஐ.எஃப்.ஏ. ஷீல்டு இறுதி ஆட்டத்தில் மோகன் பகான் அணி, ஈஸ்ட் யார்க்‌ஷயர் ரெஜிமென்ட் என்ற ஆங்கிலேய ராணுவ அணியை 2-1 என்று வீழ்த்தியது. மோகன் பகானின் 11 பேரில் பூட்ஸ் போட்டிருந்தவர் ஒரே ஒருத்தர்தான். மற்ற பத்துப் பேரும் வெறுங்கால். ஆளுபவனை அவனுடைய விளையாட்டிலேயே, அதுவும் வெறுங்காலோடு ஜெயிக்க முடியும் என்று கொல்கத்தா கண்டுகொண்ட நாள் அது.

அந்த ஊரில், அந்தப் பேச்சுக்கு நடுவில் வளர்ந்தவர்தான் சலீம். 1926 வாக்கில் சித்தரஞ்சன் கிளப்பில் ஆடத் தொடங்கினார். பிறகு ஸ்போர்ட்டிங் யூனியன், ஈஸ்ட் பெங்கால், ஆரியன்ஸ் என்று கொல்கத்தாவின் பல கிளப்புகளில் ஆடினார். அவர் ஆடிய இடம் ரைட் விங். அதாவது மைதானத்தின் வலது ஓரமாகப் பந்தை ஓட்டிக்கொண்டு போய், நடுவில் நிற்கும் ஸ்ட்ரைக்கருக்குத் தூக்கிக் கொடுக்கும் வேலை. கோல் அடித்தவன் பெயர்தான் பேப்பரில் பெரிசா வரும். பந்தைக் கொண்டுவந்து கொடுத்தவன் பெயர் அதுக்கு அப்புறம்தான். சலீமின் வேலை இந்த ரெண்டாவது வேலை.

முகமதன் ஸ்போர்ட்டிங்: ஐந்து வருஷம், ஐந்து பட்டம்

சலீமின் வாழ்க்கையில் முக்கியமான அத்தியாயம் கிளாஸ்கோ என்றுதான் பலரும் நினைக்கிறோம். ஆனால் அதற்கு முன்னாடியே கொல்கத்தாவில் அவர் ஒரு பெரிய சாதனையில் பங்கெடுத்துவிட்டார்.

கொல்கத்தா ஃபுட்பால் லீக் தொடங்கியது 1898-இல். அதன்பிறகு 35 வருஷங்களுக்கு மேல் இந்தியக் கிளப் ஒன்றுகூட அந்தப் பட்டத்தை ஜெயித்ததில்லை. ராணுவ ரெஜிமென்ட்டுகளும், ஆங்கிலேயர் நடத்திய கிளப்புகளும் மாறி மாறி எடுத்துக்கொண்டு போனார்கள். 1911-இல் ஷீல்டு ஜெயித்த மோகன் பகானுக்கும் லீக் கைகூடவில்லை.

ஷீல்டுக்கும் லீக்குக்கும் என்ன வித்தியாசம்? ஷீல்டு நாக்-அவுட் போட்டி. நாலைந்து ஆட்டம் நல்லா ஆடினால் கோப்பை. லீக் அப்படி இல்லை. மழைக்காலம் முழுக்க, சேற்றிலும் சகதியிலும், வாரா வாரம் ஆட வேண்டும். ஒருநாள் அதிசயம் அங்கே செல்லுபடியாகாது.

1934-இல் முகமதன் ஸ்போர்ட்டிங் அணி முதல் டிவிஷனுக்கு வந்தது. வந்த முதல் வருஷமே பட்டத்தைத் தட்டியது. கொல்கத்தா லீக்கை ஜெயித்த முதல் இந்தியக் கிளப் அதுதான். அதோடு நிற்கவில்லை. 1935, 1936, 1937, 1938 என்று தொடர்ந்து ஐந்து வருஷம் பட்டம். அந்த அணியின் ரைட் விங்கர் சலீம்.

அந்த வெற்றி வெறும் விளையாட்டுச் செய்தி இல்லை. நாடு அடிமைப்பட்டுக் கிடந்த காலம். அரசாங்க ஆபீஸிலும் தெருவிலும் தலை குனிந்து நிற்க வேண்டியவர்கள், மைதானத்தின் வேலிக்கு வெளியே நின்று தங்கள் ஆட்கள் ஆங்கிலேய அணிகளைத் தோற்கடிப்பதைப் பார்த்தார்கள். முகமதன் ஸ்போர்ட்டிங் முஸ்லிம்களின் கிளப்பாகத் தொடங்கியது. நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் வீரர்களைக் கூட்டிவந்து அணியைக் கட்டியது. அதன் புகழும் கொல்கத்தாவைத் தாண்டிப் பரவியது.

ஏன் வெறுங்கால்? வசதி இல்லாததாலா?

இந்த இடத்தில் ஒரு சந்தேகம் வரும். அவ்வளவு பெரிய கிளப்பில் ஆடியவர்களுக்குப் பூட்ஸ் வாங்கக் காசு இல்லையா?

தொடக்கத்தில் காசும் ஒரு காரணம்தான். ஆனால் அது மட்டுமே காரணம் இல்லை. சின்ன வயசிலிருந்து வெறுங்காலில் ஆடிப் பழகியவர்களுக்குப் பந்து விரல்களோடு பேசும். எந்த விரலால் எவ்வளவு அழுத்தம் கொடுத்தால் பந்து எந்தப் பக்கம் திரும்பும் என்பது உடம்பிலேயே ஊறியிருக்கும். அப்போதைய பூட்ஸும் இன்றைக்கு நாம பார்க்கிற மாதிரி லேசான பூட்ஸ் இல்லை. கெட்டித் தோல், கணுக்காலுக்கு மேலே வரை உயரம், அடியில் ஸ்டட். மழையில் நனைந்தால் கல்லு மாதிரி கனக்கும். அதை மாட்டிக்கொண்டால் அந்த நுணுக்கமெல்லாம் போய்விடும் என்று பலர் நினைத்தார்கள்.

வெறுங்காலுக்கும் ஒரு பலவீனம் இருந்தது. காய்ந்த தரையில் வேகம் காட்டலாம். மழை பெய்து சேறானால் வழுக்கும். எதிரணிக்காரர் பூட்ஸ் காலால் மிதித்தால் விரல் போய்விடும். அதனால் முகமதன் ஸ்போர்ட்டிங் ஈரத் தரையில் ஆடும்போது தன் வீரர்களைப் பூட்ஸுக்குப் பழக்கப்படுத்தியது. அந்த அணியின் வெற்றிக்கு இதுவும் ஒரு காரணம் என்று வரலாற்று ஆசிரியர்கள் சொல்கிறார்கள்.

ஆக, பூட்ஸ் என்றால் என்னவென்றே தெரியாதவர் இல்லை சலீம். தெரிந்தே, தனக்கு வெறுங்கால்தான் சரி என்று முடிவு பண்ணியவர்.

கிளாஸ்கோவுக்கு எப்படிப் போனார்?

1936-இல் பெர்லினில் ஒலிம்பிக் போட்டி. அதில் கலந்துகொள்ளப் போகிற வழியில் சீன ஃபுட்பால் அணி ஆசிய நாடுகளில் வரிசையாக ஆட்டங்கள் ஆடியது. ஏன் தெரியுமா? ஒலிம்பிக்குக்குப் போகும் செலவுக்குப் பணம் திரட்டத்தான். அப்படி ஆடிக்கொண்டே வந்த அணி கொல்கத்தாவிலும் இறங்கியது. அதை எதிர்த்து ஆட இந்திய அணிக்கு அழைக்கப்பட்டவர்களில் சலீமும் ஒருவர்.

முதல் ஆட்டத்தில் சலீம் நன்றாக ஆடினார். ரெண்டாவது ஆட்டத்துக்கு ஆளைக் காணோம்!

அந்த நேரத்தில் அவர் கப்பலேறியிருந்தார். பிரிட்டனில் வசித்துவந்த ஹஷீம் என்ற உறவினர் அப்போது கொல்கத்தா வந்திருந்தார். சலீமின் ஆட்டத்தைப் பார்த்தவர், இந்தத் திறமை இந்த ஊரோடு முடங்கக் கூடாது, பிரிட்டனில் போய்க் காட்டணும் என்று வற்புறுத்தினார். சலீமும் சம்மதித்தார். கெய்ரோ வழியாகப் பயணம். லண்டன், அங்கிருந்து ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரம்.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்கணும். வைரல் பதிவுகளில் சலீமை ஏதோ இளம் பையன் மாதிரி சித்தரிப்பார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். பிறந்தது 1904. கிளாஸ்கோ போனது 1936. அப்போது அவருக்கு வயது 32. ஒரு விங்கரைப் பொறுத்தவரை அது ஓட்டம் குறையத் தொடங்கும் வயசு. சொந்த ஊரில் பேரும் புகழும் இருக்கிறது. அதையெல்லாம் விட்டுவிட்டு, மொழியும் குளிரும் புதிதாக இருக்கும் ஊரில் முதல் ஆளாகப் போய் டிரையல்ஸில் நிற்கிறார்.

செல்டிக் எவ்வளவு பெரிய கிளப்?

ஹஷீம் சலீமைக் கூட்டிக்கொண்டு போன இடம் செல்டிக் கிளப். சாதாரண இடம் இல்லை. 1887-இல், கிளாஸ்கோவின் கிழக்குப் பகுதியில் வாழ்ந்த ஏழை ஐரிஷ் குடியேறிகளின் பசியாற்றப் பணம் திரட்டும் நோக்கத்தில், பிரதர் வால்ஃப்ரிட் என்ற கத்தோலிக்கத் துறவி தொடங்கி வைத்த கிளப் அது. சில வருஷங்களிலேயே ஸ்காட்லாந்தின் முன்னணி அணிகளில் ஒன்றாக வளர்ந்துவிட்டது.

சலீம் போய்ச் சேர்ந்த நேரத்தில் செல்டிக் தான் ஸ்காட்லாந்து சாம்பியன். 1935-36 சீசனில் அந்த அணியின் ஜிம்மி மெக்ரோரி லீக்கில் மட்டும் 50 கோல் அடித்திருந்தார். மேனேஜர் வில்லி மேலி. 1897 முதல் அந்தப் பொறுப்பில் இருந்தவர். கிட்டத்தட்ட 40 வருஷமா எத்தனையோ வீரர்களைப் பார்த்துச் சலித்த மனுஷன்.

அவர்கிட்ட போய், இந்தியாவிலிருந்து ஒரு நல்ல ஆட்டக்காரரைக் கூட்டி வந்திருக்கேன், பார்க்கிறீங்களான்னு ஹஷீம் கேட்டார். பூட்ஸ் போடாமல் ஆடுவார் என்பதையும் சொன்னார். ஸ்காட்லாந்தின் கனமான தரையில், பூட்ஸ் போட்ட புரொஃபஷனல் வீரர்களுக்கு நடுவே வெறுங்காலா? மேலிக்கு நம்பிக்கை வரவில்லை. ஆனாலும் ஒரு வாய்ப்புக் கொடுத்துப் பார்ப்போம் என்றார்.

டிரையல்ஸில் சலீம் பந்தோடு செய்த வித்தைகளைப் பார்த்ததும் சந்தேகம் தீர்ந்தது. அணியில் சேர்த்துக்கொண்டார்கள்.

அந்த நாட்களில் எடுத்த ஒரு போட்டோ இன்றும் இருக்கிறது. சலீம் உட்கார்ந்திருக்கிறார். செல்டிக்கின் முன்னாள் நட்சத்திர வீரரும் அப்போதைய பயிற்சியாளருமான ஜிம்மி மெக்மெனமி குனிந்து அவர் காலில் பேண்டேஜ் சுற்றிவிடுகிறார். 1936-இல், பிரிட்டிஷ் ஆட்சியில் இருந்த ஒரு இந்தியரின் காலடியில் ஒரு பிரிட்டிஷ்காரர் குனிந்திருக்கும் காட்சி. சலீமின் பெயர் இன்றுவரை மறக்கப்படாமல் இருப்பதற்கு இந்த ஒரு போட்டோவும் காரணம்.

அந்த ரெண்டு ஆட்டங்கள்

சலீம் செல்டிக்குக்காக ஆடியது மொத்தம் ரெண்டே ஆட்டங்கள். ஒன்று, ஹாமில்டன் அகாடமிக்கல் அணிக்கு எதிராக. செல்டிக் 5-1 என்று ஜெயித்தது. இன்னொன்று, 1936 ஆகஸ்ட் 28 அன்று கால்ஸ்டன் அணிக்கு எதிராக, செல்டிக்கின் சொந்த மைதானத்தில். அதில் 7-1.

கால்ஸ்டன் ஆட்டத்துக்கு மறுநாள் வந்த ஸ்காட்லாந்து பத்திரிகைச் செய்தி, அவரைப் பந்தோடு வித்தை காட்டும் இந்தியர் என்று வர்ணித்தது. பந்தைக் கட்டைவிரலில் நிறுத்தி, அப்படியே சுண்டுவிரல் வரை உருட்டி, ஒற்றைக்காலில் துள்ளித் தடுப்பாட்டக்காரரைச் சுற்றிப் போனதாகவும், அணி அடித்த ஏழு கோல்களில் மூன்று அவர் கொடுத்த பந்திலிருந்து வந்ததாகவும் அந்தச் செய்தி சொன்னது.

இன்னொரு சுவாரஸ்யமும் அதில் இருந்தது. பெனால்ட்டி அடிக்கச் சொல்லி சலீமைக் கூப்பிட்டிருக்கிறார்கள். அவர் கூச்சப்பட்டு மறுத்துவிட்டாராம். கூட்டம் முழுக்கத் தன்னையே பார்க்கும்போது, சுலபமாகக் கிடைக்கும் ஒரு கோலை வேண்டாம் என்று சொன்ன விங்கர் அவர்.

உண்மை எது? மிகை எது?

இப்போது அந்த வைரல் பதிவுகளுக்கு வருவோம்.

முதல் விஷயம்: சலீம் இங்கிலீஷ் லீக்கில் ஆடினார் என்று சிலர் எழுதுகிறார்கள். அது தவறு. இங்கிலாந்து லீக் 1888-இல் தொடங்கியது. ஸ்காட்லாந்து லீக் 1890-இல் தொடங்கியது. ரெண்டும் தனித்தனி. செல்டிக் ஸ்காட்லாந்து அணி.

ரெண்டாவது: செல்டிக்கின் முதல்நிலை அணியில், லீக் ஆட்டத்தில் ஆடினார் என்பார்கள். அதுவும் சரியில்லை. அவர் ஆடிய ரெண்டும் அலையன்ஸ் லீக் ஆட்டங்கள். கிளப்பின் ரிசர்வ் வீரர்கள் ஆடும் போட்டி என்று புரிந்துகொள்ளலாம். மெக்ரோரியோடு சேர்ந்து முதல்நிலை லீக்கில் இறங்கும் கட்டத்துக்கு அவர் போகவில்லை. போவதற்குள் ஊர் திரும்பிவிட்டார்.

இதைச் சொன்னால் சலீமின் பெருமை குறைந்துவிடுமா? குறையாது. ஐரோப்பியக் கிளப் ஒன்றுக்காக ஆடிய முதல் இந்தியர் என்று அவரைத்தான் குறிப்பிடுகிறார்கள். நடந்தது நடந்தபடி இருந்தாலே போதுமான அளவுக்கு ஆச்சரியம்தான்.

அந்தக் காலத்து நிலைமையையும் சேர்த்துப் பார்க்கணும். இங்கிலாந்தில் 1931-இல் ஒரு விதி வந்தது. வெளிநாட்டு வீரர் ஒருவர் அங்கே ரெண்டு வருஷம் குடியிருந்தால்தான் புரொஃபஷனலாக ஆட முடியும் என்பது அதன் சாரம். கிட்டத்தட்ட கதவைச் சாத்தின மாதிரி. 1978-இல்தான் அது தளர்ந்தது. அந்த வருஷம் உலகக் கோப்பை ஜெயித்த அர்ஜென்டினா அணியின் ஆர்டிலெஸ், வில்லா ரெண்டு பேரும் டாட்டன்ஹாம் அணிக்கு வந்தார்கள். இன்றைக்கு பிரீமியர் லீக்கில் பல நாட்டுக் கொடி பறக்கிறதென்றால், அது அப்புறம் நடந்த மாற்றம்.

வெளியிலிருந்து வந்தவர்களே இல்லை என்றும் சொல்ல முடியாது. இன்றைய கானா நாட்டின் அக்ராவில் 1865-இல் பிறந்த ஆர்தர் வார்ட்டன், 19-ஆம் நூற்றாண்டின் கடைசியிலேயே இங்கிலாந்தில் புரொஃபஷனல் கோல்கீப்பராக ஆடினார். உலகின் முதல் கறுப்பினப் புரொஃபஷனல் ஃபுட்பால் வீரர் என்று இன்று கொண்டாடப்படுபவர் அவர். ஆனால் 1930-இல் அவர் இறந்தபோது கல்லறையில் பெயர்கூடப் பொறிக்கப்படவில்லை. 1997-இல்தான் கல் வைத்தார்கள். முன்னாடி போனவர்களுக்குப் பெரும்பாலும் அதுதான் கதி.

ஏன் திரும்பி வந்தார்?

செல்டிக் சலீமை வைத்துக்கொள்ள ஆசைப்பட்டது. சீசன் முழுக்க இருங்கள் என்று கேட்டது. ஆனால் அவருக்கு மனசு ஊரிலேயே இருந்தது. சில மாதங்களிலேயே வீட்டு நினைப்பு வாட்ட, திரும்பிப் போகிறேன் என்று சொல்லிவிட்டார்.

போகிறவருக்கு மரியாதை செய்ய விரும்பிய கிளப், நிதி திரட்டும் ஆட்டம் ஒன்றின் டிக்கெட் வசூலில் 5 சதவீதத்தை அவருக்குத் தர முன்வந்தது. அது என்ன ஏதென்றுகூடப் புரியாமல், அந்த ஆட்டத்தைப் பார்க்க வரும் ஆதரவற்ற குழந்தைகளுக்கே அதைக் கொடுத்துவிடுங்கள் என்று சலீம் சொல்லிவிட்டதாக அவர் குடும்பத்தினர் சொல்லிவந்திருக்கிறார்கள்.

இன்றைக்கு இருந்து பார்த்தால் இந்த முடிவு நமக்குப் பிடிபடாது. ஐரோப்பாவில் கான்ட்ராக்ட் கிடைத்தும் வேண்டாம் என்று யாராவது வருவார்களா? ஆனால் 1936-ஐ யோசித்துப் பாருங்கள். வீட்டுக்கு வீடியோ கால் கிடையாது. கடிதம் போய்ச் சேரவே வாரக்கணக்காகும். நினைத்த நேரத்தில் விமானம் ஏறி வர முடியாது. அந்த அணியில் இன்னொரு இந்தியர் கிடையாது. கொல்கத்தாவிலோ, தொடர்ந்து பட்டம் ஜெயிக்கும் ஒரு அணி, பேரைச் சொல்லிக் கத்தும் கூட்டம், சொந்த மனுஷங்க. அங்கே அவர் ஒரு வேடிக்கை. இங்கே அவர் ஒரு ஆட்டக்காரர்.

இதை எழுதும்போது எனக்குத் தோன்றுவது இதுதான். சலீம் ஒரு வாய்ப்பைத் தவறவிட்டார் என்றுதான் எல்லோரும் முடிக்கிறோம். அவருக்கு அப்படித் தோன்றியிருக்க வேண்டிய அவசியமே இல்லை. தன்னால் அங்கே ஆட முடியும் என்று காட்டியாச்சு. 32 வயசில் அதற்கு மேல் அங்கே நிரூபிக்க என்ன இருக்கு? ஊரில் முகமதன் ஸ்போர்ட்டிங் அடுத்த பட்டத்துக்குத் தயாராகிக்கொண்டிருந்தது. அவர் திரும்பியது அந்த அணிக்குத்தான்.

100 பவுண்டு செக்

முகமதன் ஸ்போர்ட்டிங்கின் தொடர் வெற்றி 1938-ஓடு முடிந்தது. சலீமும் மெதுவாக மைதானத்தை விட்டு விலகினார். இரண்டாம் உலகப் போர், பஞ்சம், கலவரம், பிரிவினை என்று கொல்கத்தா பல அடிகளை வாங்கியது. அவர் ஆடிய நாட்களை நினைவில் வைத்திருந்தவர்கள் குறைந்துகொண்டே போனார்கள்.

வயதான காலத்தில் சலீம் உடல்நலம் குன்றினார். அப்போது அவருடைய மகன் செல்டிக் கிளப்புக்கு ஒரு கடிதம் போட்டார். அப்பாவுக்கு உடம்பு சரியில்லை, சிகிச்சைக்குப் பணம் தேவைப்படுகிறது என்று எழுதினார். உண்மையில் பணம் அவருக்கு நோக்கம் இல்லை. அரை நூற்றாண்டுக்குப் பக்கமாகிவிட்ட அந்த ரெண்டு ஆட்டங்களை, அந்த வெறுங்கால் இந்தியரை, அந்தக் கிளப் இன்னும் நினைவில் வைத்திருக்கிறதா என்று தெரிந்துகொள்ளத்தான் ஆசை.

பதில் வந்தது. உள்ளே 100 பவுண்டுக்கு ஒரு வங்கி டிராஃப்ட்.

அந்தப் பணத்தை அவர்கள் மாற்றவில்லை. டிராஃப்ட்டை அப்படியே பத்திரமாக வைத்துக்கொண்டார்கள்.

1980 நவம்பர் 5 அன்று சலீம் காலமானார்.

சலீமுக்குப் பிறகு என்ன ஆனது?

சலீமின் வெறுங்கால் ஆட்டம் அவரோடு முடியவில்லை. சுதந்திரம் கிடைத்த அடுத்த வருஷம், 1948 லண்டன் ஒலிம்பிக்கில் இந்திய அணி களமிறங்கியது. கேப்டன் நாகாலாந்தைச் சேர்ந்த டாக்டர் தாலிமேரன் ஆவோ. அணியில் பெரும்பாலானோர் வெறுங்கால். பிரான்ஸுக்கு எதிரான அந்த ஆட்டத்தில் இந்தியா 1-2 என்று தோற்றது. ரெண்டு பெனால்ட்டிகளைக் கோட்டைவிட்டிருக்காவிட்டால் கதையே வேறு. இந்தியாவுக்காக அந்த ஒரு கோலை அடித்தவர் சாரங்கபாணி ராமன்.

நாலு வருஷம் கழித்து, 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக். குளிர். ஈரத் தரை. எதிரில் யூகோஸ்லாவியா. 10-1 என்று இந்தியா தோற்றது. அதன்பிறகு பூட்ஸ் போட்டே ஆகணும் என்று ஃபுட்பால் சம்மேளனம் கட்டாயமாக்கியது. வெறுங்கால் சகாப்தம் அதோடு முடிந்தது.

சரி, இங்கிலீஷ் லீக்கில் நம்ம ஆளு யாராவது? சிக்கிமைச் சேர்ந்த பாய்சுங் பூட்டியா 1999-இல் இங்கிலாந்தின் பரி கிளப்பில் சேர்ந்தார். மேலிருந்து மூன்றாவது நிலையில் இருந்த அணி அது. சலீம் கிளாஸ்கோவில் இறங்கியதிலிருந்து கணக்குப் பார்த்தால் 63 வருஷம் கழித்து!

இந்த 63 வருஷ இடைவெளிக்கு சலீம் பொறுப்பில்லை. ஒருத்தர் தனியாகப் போய்க் கதவைத் தட்டித் திறந்து காட்டிவிட்டு வரலாம். அதற்குப் பின்னால் வரிசையாக ஆட்களை அனுப்ப அகாடமி வேண்டும், பயிற்சியாளர் வேண்டும், சம்பளம் தரும் லீக் வேண்டும், சின்ன ஊரிலிருக்கும் பையனைத் தேடிப் போய்ப் பார்க்கும் கண்கள் வேண்டும். அவையெல்லாம் வர நமக்கு ரொம்ப நாள் ஆச்சு. பல ஊர்களுக்கு இன்னும் வரவில்லை.

பனமலை ஏரிக்கரையில் உட்கார்ந்து கேட்ட கேள்விக்கு இப்போது பதில் சொல்லலாம். ஆமாம், நம்ம ஆளு ஒருத்தர் போயிருக்கார். போன இடம் இங்கிலாந்து இல்லை, ஸ்காட்லாந்து. ஆடியது ரெண்டு ஆட்டம். காலில் உங்களை மாதிரியே ஒண்ணும் இல்லை. ஆனா அவரை ஞாபகம் வச்சுக்கணும்னா அந்த ரெண்டு ஆட்டத்துக்காக மட்டும் வச்சுக்காதீங்க. கொல்கத்தா மழையில், சேற்றில், வலது ஓரமா ஓடி ஓடிப் பந்தைத் தூக்கிக் கொடுத்தாரே, அந்த ஐந்து பட்டங்களுக்காகவும் சேர்த்து வச்சுக்கோங்க.